ஹார்மோன் சிகிச்சை மீதான அச்சம்: 2002 ஆய்வு உண்மையில் சொன்னது என்ன?

மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண்கள் எடுத்துக்கொள்ளும் ஹார்மோன் மருந்துகளின் விவரக் குறிப்பில், அமெரிக்காவில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கறுப்புக் கட்டம் இருந்துவந்தது. மாரடைப்பு, பக்கவாதம், மார்பகப் புற்றுநோய், மறதிநோய் ஆகிய அபாயங்களைப் பற்றிய எச்சரிக்கை அந்தக் கட்டத்துக்குள் அச்சிடப்பட்டிருந்தது. 2025 நவம்பர் 10ஆம் தேதி, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அந்த எச்சரிக்கையின் பெரும்பகுதியை நீக்கப்போவதாக அறிவித்தது.

இந்தச் செய்தியைப் படித்த பெண்களுக்குக் குழப்பம் வருவது இயல்பு. அன்று ஆபத்து என்றார்கள், இன்று பரவாயில்லை என்கிறார்கள். எதை நம்புவது?

அந்த எச்சரிக்கைக்குக் காரணமான ஆய்வு 2002ல் வெளிவந்தது. ஆய்வின் முடிவுகள் பொய்யல்ல. ஆனால், அது எந்த வயதுப் பெண்களைப் பற்றியது, அதில் தெரிந்த அபாயம் எவ்வளவு பெரியது என்ற இரண்டு விவரங்களும் பலரிடம் போய்ச் சேரவில்லை. அதனால் தூக்கமில்லாமலும் வியர்வையில் நனைந்தும் பல ஆண்டுகளைப் பொறுத்துக்கொண்டே கடத்திய பெண்கள் ஏராளம். இப்போது எச்சரிக்கை நீங்குவதால், எல்லாருக்கும் எல்லாக் காலத்துக்கும் இந்த மருந்து நல்லது என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது.

உடலில் நடப்பது என்ன?

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால், அது நின்றுவிட்டதாக மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். சிங்கப்பூர்ப் பெண்களுக்கு இது சராசரியாக 49 வயதில் நிகழ்கிறது. இந்தியாவில் நடந்த ஆய்வுகளில் சராசரி வயது 46, 47 என்ற அளவில் இருக்கிறது. 45 வயதுக்கு முன் நின்றால் அது சீக்கிரமானது. 40 வயதுக்கு முன் நின்றால் கட்டாயம் மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

ஆனால், மாற்றங்கள் அந்த ஒரு நாளில் தொடங்குவதில்லை. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பிருந்தே கருமுட்டைப் பைகளின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு ஏறி இறங்கத் தொடங்கிவிடும். மாதவிடாய் சில மாதம் முந்தி வரும், சில மாதம் தள்ளிப்போகும். தூக்கம் கெடும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், சொல்ல வந்த சொல் நினைவுக்கு வராமல் நிற்கும். மாதவிடாய் இன்னும் வந்துகொண்டிருப்பதால் பல பெண்கள் இதை வேலைப் பளு, பிள்ளைகளின் தேர்வு, வயதான பெற்றோரின் கவனிப்பு ஆகியவற்றின் விளைவு என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

இவற்றில் பலரும் அறிந்தது திடீர் உடற்சூடு. முகமும் கழுத்தும் தகிக்கும், வியர்த்துக் கொட்டும், சில நிமிடங்களில் குளிரும். மூளையின் அடிப்பகுதியில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இடம் ஒன்று உண்டு. அங்குள்ள சில நரம்பணுக்களை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அவை மிகையாக இயங்குகின்றன. உடல் வெப்பம் சிறிதே கூடினாலும், உடம்பு கொதிக்கிறது என்று மூளை தவறாகப் புரிந்துகொண்டு வியர்வையைத் திறந்துவிடுகிறது.

இது ஓரிரு ஆண்டுகளில் போய்விடும் என்றே முன்பு சொல்லப்பட்டது. அமெரிக்காவில் 1990களில் தொடங்கி 3,302 பெண்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ‘ஸ்வான்’ ஆய்வு அதை மாற்றியது. அடிக்கடி உடற்சூடு வந்த பெண்களில் பாதிப்பேருக்கு அது 7.4 ஆண்டுகளுக்கும் மேல் நீடித்ததாக 2015ல் வெளியான அதன் முடிவுகள் காட்டின.

மருந்து வந்த கதை

ஈஸ்ட்ரோஜனை மருந்தாகக் கொடுக்கும் வழக்கம் புதிதல்ல. சினையுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்ட ஈஸ்ட்ரோஜன் மாத்திரை 1942லேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டது. 1966ல் ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர் ‘ஃபெமினைன் ஃபாரெவர்’ என்ற நூலில், மாதவிடாய் நிற்பது ஒரு குறைபாட்டு நோய் என்றும் ஈஸ்ட்ரோஜன் அதற்கு மருந்து என்றும் எழுதினார். விற்பனை வேகமாக ஏறியது.

1975ல் முதல் அடி விழுந்தது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்துக்கொண்ட பெண்களுக்குக் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் வரும் அபாயம் கூடுவது தெரியவந்தது. புரோஜெஸ்ட்டோஜன் என்ற இன்னொரு ஹார்மோனைச் சேர்த்துக் கொடுத்தால் அந்த அபாயத்தைத் தடுக்கலாம் என்று பின்னர் கண்டறியப்பட்டது. கருப்பை உள்ள பெண்களுக்கு இரண்டு ஹார்மோன்கள், கருப்பை அகற்றப்பட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் என்ற முறை அப்படித்தான் வந்தது. இன்றும் அதுவே விதி.

1980களிலும் 1990களிலும் வேறொரு நம்பிக்கை வளர்ந்தது. அமெரிக்கத் தாதியரை 1976 முதல் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்றில், ஹார்மோன் எடுத்துக்கொண்டவர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அதனால் உடற்சூடு இல்லாத பெண்களுக்கும் இதயத்தைக் காக்க என்று மருத்துவர்கள் இந்த மருந்தை எழுதிக்கொடுத்தார்கள்.

இதில் ஓர் ஐயம் இருந்தது. மருந்து எடுத்துக்கொண்ட பெண்கள் பொதுவாக வசதியும் படிப்பும் உள்ளவர்கள், மருத்துவரை ஒழுங்காகப் பார்ப்பவர்கள். அவர்களின் இதயத்தைக் காத்தது மருந்தா, அவர்களின் வாழ்க்கை முறையா? இதைத் தீர்க்க ஒரே வழி, பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மருந்தும் மற்றதற்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்ப்பது.

அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகங்களின் முதல் பெண் இயக்குநரான பெர்னடின் ஹீலி 1991ல் தொடங்கிவைத்த ‘பெண்கள் சுகாதார முனைப்பு’த் திட்டம் அதைத்தான் செய்தது. 40 மருத்துவ நிலையங்களில் 160,000க்கும் அதிகமான பெண்கள் அதன் பல்வேறு ஆய்வுகளில் சேர்ந்தனர்.

2002 ஜூலையில் நடந்தது

அவர்களில் கருப்பை உள்ள 16,608 பெண்கள், இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரையைச் சோதிக்கும் பிரிவில் இருந்தனர். எட்டரை ஆண்டுகள் நடக்கவேண்டிய சோதனை, சராசரியாக 5.2 ஆண்டுகள் ஆனபோது நிறுத்தப்பட்டது. மருந்து இதயத்தைக் காக்கவில்லை. மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் ரத்தக்கட்டிகளும் சற்றுக் கூடின.

‘மார்பகப் புற்றுநோய் அபாயம் 26 விழுக்காடு அதிகரிப்பு’ என்ற செய்தி உலகெங்கும் பரவியது. பெண்கள் மாத்திரைகளைக் குப்பையில் போட்டார்கள். மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கத் தயங்கினார்கள். அடுத்த சில மாதங்களிலேயே பயன்பாடு செங்குத்தாகச் சரிந்தது. 2003ல் கறுப்புக் கட்ட எச்சரிக்கை வந்தது.

அந்த 26 விழுக்காட்டின் பின்னால் இருந்த எண்களைப் பார்க்கலாம். வெற்று மாத்திரை எடுத்த 10,000 பெண்களில் ஓராண்டில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஹார்மோன் எடுத்த 10,000 பேரில் 38 பேருக்கு வந்தது. முப்பதிலிருந்து முப்பத்தெட்டு என்பது ஏறக்குறைய 26 விழுக்காட்டு உயர்வுதான். அதையே வேறு விதமாகச் சொன்னால், ஓராண்டில் 10,000 பேரில் 8 பேர் கூடுதல். இரண்டும் ஒரே உண்மை. முதலாவது தலைப்புச் செய்தியாகியது, இரண்டாவது பெரும்பாலோரின் கண்ணில் படவில்லை.

மற்ற எண்களும் இந்த அளவில்தான் இருந்தன. ஓராண்டில் 10,000 பேருக்கு மாரடைப்பு உள்ளிட்ட இதயப் பாதிப்பு 7 கூடியது, பக்கவாதம் 8 கூடியது, நுரையீரலில் ரத்தக்கட்டி 8 கூடியது. அதே நேரத்தில் பெருங்குடல் புற்றுநோய் 6 குறைந்தது, இடுப்பெலும்பு முறிவு 5 குறைந்தது. 65 வயதைத் தாண்டியவர்களிடம் மட்டும் தனியாக நடந்த துணை ஆய்வில் மறதிநோய் ஏறக்குறைய இரண்டு மடங்கானது.

நோய் இல்லாத ஒருவருக்கு, நோய் வராமல் தடுப்பதற்கென்று கொடுக்கும் மருந்தில் இந்த அபாயங்களும் கூடாதவை. அதனால் சோதனையை நிறுத்தியதில் தவறில்லை. தவறு, அந்த முடிவை எல்லா வயதுப் பெண்களுக்கும் அப்படியே பொருத்திப் பார்த்ததில் இருந்தது.

வயது ஏன் முக்கியம்?

சோதனையில் சேர்ந்தவர்கள் 50 முதல் 79 வயதுக்குட்பட்டவர்கள். அவர்களின் சராசரி வயது 63. மூன்றில் இரு பங்கினர் 60ஐத் தாண்டியவர்கள். பெரும்பாலோருக்கு மாதவிடாய் நின்று பத்தாண்டுக்கும் மேலாகியிருந்தது. கடுமையான உடற்சூடு உள்ளவர்கள் சோதனையில் சேர்வது ஊக்குவிக்கப்படவில்லை. அவர்கள் வெற்று மாத்திரையோடு நீண்ட காலம் இருக்கமாட்டார்கள் என்பதே காரணம்.

ஆனால், இந்தச் சிகிச்சையைத் தேடி மருத்துவரிடம் வருபவர்கள் பெரும்பாலும் 48, 50, 52 வயதுப் பெண்கள். இரவில் மூன்று முறை எழுந்து உடை மாற்றிவிட்டு, காலையில் வேலைக்குப் போகிறவர்கள். அறுபத்து மூன்று வயதுப் பெண்ணின் ரத்தக்குழாய்களில் ஏற்கெனவே கொழுப்பு படிந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த நிலையில் ஹார்மோனைப் புதிதாகத் தொடங்குவதும், மாதவிடாய் நின்ற புதிதில் தொடங்குவதும் ஒன்றல்ல.

பின்னர் வந்த ஆய்வுகள் இதற்கு வலுச் சேர்த்தன. 643 பெண்களிடம் நடத்தப்பட்டு 2016ல் வெளியான ‘எலைட்’ சோதனையில், மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுகளுக்குள் ஈஸ்ட்ரோஜன் தொடங்கியவர்களின் கழுத்து ரத்தக்குழாய்ச் சுவர் தடிப்பது மெதுவானது. பத்து ஆண்டுகளுக்குப் பின் தொடங்கியவர்களிடம் அந்தப் பயன் தெரியவில்லை.

‘பெண்கள் சுகாதார முனைப்பு’ ஆய்வாளர்களே தங்கள் பங்கேற்பாளர்களைத் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். 18 ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோது, ஹார்மோன் எடுத்தவர்களில் 27.1 விழுக்காட்டினரும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 27.6 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். அதாவது, மருந்து ஆயுளைக் குறைக்கவுமில்லை, கூட்டவுமில்லை. கருப்பை அகற்றப்பட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த 10,739 பேர் கொண்ட பிரிவில் பக்கவாதம் கூடியது. ஆனால், நீண்ட காலக் கண்காணிப்பில் அவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் குறைவாகவே வந்திருந்தது.

இவற்றின் அடிப்படையில் இன்றைய மருத்துவ வழிகாட்டிகள் சொல்வது இதுதான்: 60 வயதுக்குக் கீழ், அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் இருக்கும், வேறு தடைகள் இல்லாத பெண்களுக்கு, தொல்லை தரும் உடற்சூட்டுக்கு ஹார்மோன் சிகிச்சை மிகவும் பயனுள்ளது. அவர்களில் பெரும்பாலோருக்கு நன்மை அபாயத்தைவிட அதிகம். இதய நோயைத் தடுப்பதற்கென்று மட்டும் இதை எடுக்கக்கூடாது. மிக இளம் வயதிலேயே மாதவிடாய் நின்றவர்களுக்கும் கருமுட்டைப் பைகள் அகற்றப்பட்டவர்களுக்கும், தடை இல்லாவிட்டால், இயல்பாக நிற்கும் வயதுவரை ஹார்மோன் பரிந்துரைக்கப்படுகிறது. எலும்பையும் இதயத்தையும் காக்க அவர்களுக்கு அது தேவை.

எச்சரிக்கை முழுவதும் நீங்கிவிடவில்லை

அபாயம் சிறியது என்பது அபாயமே இல்லை என்றாகாது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019ல் ‘லான்செட்’ இதழில் வெளியான கணக்கு இதை எளிதாகச் சொல்கிறது. 50 வயதில் தொடங்கி ஐந்து ஆண்டுகள் இரு ஹார்மோன்களையும் தினமும் எடுக்கும் 50 பெண்களில், கூடுதலாக ஒருவருக்கு அடுத்த 20 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோய் வரும். ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுப்பவர்களில் அது 200க்கு ஒன்று. எடுக்கும் ஆண்டுகள் கூடக் கூட அபாயமும் கூடும்.

இதை அறிந்த பின், இரவெல்லாம் விழித்திருக்கும் ஒரு பெண் மருந்து வேண்டும் என்று முடிவெடுக்கலாம். லேசான தொல்லை மட்டும் உள்ள இன்னொருவர் வேண்டாம் என்று சொல்லலாம். இரண்டும் நியாயமான முடிவுகளே.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள், ரத்தக்கட்டி வந்தவர்கள், கடும் கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் ஆகியோருக்கு ஹார்மோன் மாத்திரைகள் பொதுவாகக் கொடுக்கப்படுவதில்லை. அமெரிக்காவின் புதிய அறிவிப்பிலும் ஒரு கட்டம் அப்படியே இருக்கிறது. உடல் முழுவதும் பரவும் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்தால் கருப்பைப் புற்றுநோய் வரக்கூடும் என்ற எச்சரிக்கை அது. எச்சரிக்கையைத் தளர்த்தியதை வரவேற்ற ஆய்வாளர்கள் சிலர்கூட, இதய நோயையும் மறதிநோயையும் இந்த மருந்து தடுக்கும் என்று பேசுவது சான்றுகளை மீறிச் செல்வது என்று கவலை தெரிவித்திருக்கின்றனர்.

மருந்தின் வடிவமும் மாறியிருக்கிறது. தோலில் ஒட்டும் பட்டையாகவோ தேய்க்கும் களிம்பாகவோ ஈஸ்ட்ரோஜனை எடுக்கும்போது அது கல்லீரல் வழியே முதலில் செல்வதில்லை. அதனால் ரத்தக்கட்டி அபாயம் மாத்திரையைவிடக் குறைவு என்று கண்காணிப்பு ஆய்வுகள் காட்டுகின்றன. பிறப்புறுப்பு வறட்சி, எரிச்சல், அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்கு அந்த இடத்தில் மட்டும் பயன்படுத்தும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் உண்டு. அது ரத்தத்தில் மிகச் சிறிதளவே கலக்கிறது. கணவரிடம்கூடச் சொல்லத் தயங்கி ஆண்டுக்கணக்கில் இந்தத் தொல்லையோடு இருக்கும் பெண்கள் அறியவேண்டிய செய்தி இது.

ஹார்மோன் எடுக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மூளையில் மிகையாக இயங்கும் அந்த நரம்பணுக்களையே அடக்கும் ஃபெசோலினெட்டன்ட் என்ற மருந்துக்கு 2023 மே மாதம் அமெரிக்கா அனுமதி அளித்தது. அரிதாகக் கல்லீரலைப் பாதிக்கலாம் என்பதால் அதை எடுப்பவர்களுக்கு ரத்தப் பரிசோதனை தேவை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மருந்துகளும், எண்ணங்களையும் பழக்கங்களையும் சீர்படுத்தும் உளவியல் சிகிச்சையும் உடற்சூட்டின் தொல்லையைக் குறைக்கின்றன.

நம் பெண்கள் எங்கே?

இந்த ஆய்வுகளில் ஓர் இடைவெளி உண்டு. ‘ஸ்வான்’ ஆய்வில் வெள்ளையர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், சீனர், ஜப்பானியர் என ஐந்து இனப் பெண்கள் இருந்தனர். இந்தியப் பெண்கள் தனிப் பிரிவாக இல்லை. இனம் மாறினால் அனுபவமும் மாறுகிறது என்று அதே ஆய்வு காட்டியது. கறுப்பினப் பெண்களுக்கு உடற்சூடு பத்து ஆண்டுகள் வரை நீடித்தது, சீன, ஜப்பானியப் பெண்களுக்கு அதில் ஏறக்குறைய பாதிக் காலம்தான். அப்படியிருக்க, இந்தியப் பெண்ணின் நிலையை வேறொருவரின் எண்களை வைத்து ஊகிக்க முடியாது.

சிங்கப்பூரில் இதற்கு ஒரு தொடக்கம் உண்டு. தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் உள்ள ஆய்வாளர்கள் 2014 முதல், 45க்கும் 69க்கும் இடைப்பட்ட வயதுடைய சுமார் 1,200 பெண்களைச் சேர்த்து, அவர்களின் அறிகுறிகள், எலும்பு, தசை, உடற்கொழுப்பு ஆகியவற்றை ஆராய்ந்து வருகின்றனர். சீன, மலாய், இந்தியப் பெண்கள் மூவரும் அதில் உண்டு. எனினும், பெரும்பான்மை சீனப் பெண்களே.

அந்த ஆய்வில், மிதமான அல்லது கடுமையான தொல்லையாக அதிகம் பேர் சொன்னது உடற்சூட்டை அல்ல, மூட்டு வலியையும் தசை வலியையும்தான். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது இருந்தது. பிறப்புறுப்பு வறட்சியும் பலருக்கு இருந்தது. மேற்கத்திய நூல்களில் உடற்சூடே முதலில் நிற்பதால், “எனக்கு வேர்க்கவில்லை, கைகால்தான் குடைகிறது” என்று வரும் பெண்ணின் வலி வெறும் வயதுக் கோளாறாக ஒதுக்கப்பட்டுவிட வாய்ப்புண்டு.

மூட்டு வலிக்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் அதைச் சோதித்துப் பார்ப்பது அவசியம். அதோடு மாதவிடாய் எப்போது மாறத் தொடங்கியது என்பதையும் மருத்துவரிடம் சொன்னால்தான் முழுப் படம் கிடைக்கும். உள்ளூர் ஆய்வுகளுக்குப் பங்கேற்பாளர்கள் தேடப்படும்போது இந்தியப் பெண்கள் முன்வருவதும் உதவும். எண்ணிக்கை குறைவாக இருந்தால் எந்த ஆய்வாலும் அவர்களைப் பற்றி உறுதியாக எதையும் சொல்ல முடியாது.

சத்தமில்லாமல் வருபவை

வியர்வையும் வலியும் தாமாகவே தெரியும். எலும்பும் இதயமும் அப்படிச் சொல்லிக்கொண்டு பாதிக்கப்படுவதில்லை.

கடைசி மாதவிடாய்க்கு ஓராண்டு முன்பிருந்து அதற்குப் பிந்திய இரண்டு ஆண்டுகள் வரையிலான மூன்று ஆண்டுகளில் மட்டும், முதுகெலும்பின் அடர்த்தி சராசரியாக 7 விழுக்காட்டுக்கும் அதிகமாகக் குறைவதாக ‘ஸ்வான்’ ஆய்வு கண்டது. அதே காலக்கட்டத்தில், கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓரிரு ஆண்டுகளில், கெட்ட கொழுப்பான எல்டிஎல் அளவும் சட்டென ஏறுகிறது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நீரிழிவு விகிதம் அதிகமுள்ள இனங்களில் இந்தியர் முன்னணியில் இருக்கின்றனர். தெற்காசியருக்கு இதய நோய் மற்றவர்களைவிடச் சற்று இளம் வயதிலேயே வருகிறது. ஆகவே, ஐம்பதை ஒட்டிய இந்த மாற்றம் நம் பெண்களுக்குக் கூடுதல் கவனம் தேவைப்படும் கட்டம். கர்ப்பகாலத்தில் நீரிழிவோ உயர் ரத்த அழுத்தமோ வந்திருந்தால், இருபது ஆண்டுகள் கழிந்தாலும் அதை மருத்துவரிடம் சொல்லவேண்டும். பிற்காலத்தில் நீரிழிவும் இதய நோயும் வரும் வாய்ப்பை அது கூட்டுகிறது.

எலும்புக்கு வீட்டிலேயே பார்க்கக்கூடிய எளிய கணக்கு ஒன்று ஆசியப் பெண்களிடம் நடத்திய ஆய்வின் அடிப்படையில் உருவானது. மாதவிடாய் நின்ற பெண் தன் வயதிலிருந்து கிலோகிராமில் தன் எடையைக் கழிக்கவேண்டும். விடை 20க்கு மேல் இருந்தால் எலும்புத் தேய்மான அபாயம் அதிகம். 0 முதல் 20 வரை நடுத்தரம். 0க்குக் கீழ் என்றால் குறைவு. 72 வயதில் 48 கிலோ எடையுள்ள பாட்டிக்கு விடை 24. அவர் எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்பது நல்லது. விடை நடுத்தரமாக இருந்து, முன்பு எலும்பு முறிந்ததோ நீண்ட காலம் ஸ்டீராய்டு எடுத்ததோ உண்டென்றால் அவரும் கேட்கலாம்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. பால், தயிர், கேழ்வரகு, கீரை, தோஃபு, எலும்போடு உண்ணும் நெத்திலி ஆகியவற்றில் அது கிடைக்கும். நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது. எலும்புக்கும் தசைக்கும் எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும். வாரம் இருமுறை, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதில் தொடங்கினால்கூடப் போதும்.

மருத்துவரிடம் போகுமுன்

பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ கிடைக்கும் நேரம் குறைவு. சில விவரங்களைக் குறித்துக்கொண்டு போனால் அந்த நேரம் பயன்படும். கடைசி மாதவிடாய் எப்போது வந்தது, எந்தத் தொல்லை எத்தனை நாளாக இருக்கிறது, தூக்கத்தையும் வேலையையும் எவ்வளவு கெடுக்கிறது, தாய்க்கோ சகோதரிக்கோ மார்பகப் புற்றுநோய் உண்டா, தமக்கு ரத்தக்கட்டி, பக்கவாதம், மாரடைப்பு வந்ததுண்டா, இப்போது எடுக்கும் மருந்துகள் எவை ஆகியவையே அந்த விவரங்கள். நாட்டு மருந்தும் கடையில் வாங்கிய மூலிகை மாத்திரையும் அந்தப் பட்டியலில் இடம்பெறவேண்டும். ‘இயற்கையானது’ என்று விற்கப்படுவதெல்லாம் ஆய்வில் நிரூபிக்கப்பட்டது அல்ல, சில மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகாமலும் இருக்கலாம்.

ஹார்மோன் சிகிச்சை பற்றிப் பேச்சு வந்தால் மூன்று கேள்விகள் உதவும். என் வயதுக்கும் என் நோய் வரலாற்றுக்கும் இது ஏற்றதா? மாத்திரையா, பட்டையா? எப்போது மறுபரிசீலனை செய்வோம்? அபாயம் இத்தனை விழுக்காடு கூடும் என்று எங்கேனும் படித்திருந்தால், எத்தனை பேரில் எத்தனை பேர் என்றும் கேட்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் தள்ளிப்போடக்கூடாது. மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு துளி ரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரைப் பார்க்கவேண்டும். பெரும்பாலும் அது சாதாரணக் காரணமாகவே இருக்கும். ஆனால், கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். சீக்கிரம் கண்டறிந்தால் அதைக் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம். சிங்கப்பூரில் 50 வயது முதல் ஈராண்டுக்கு ஒருமுறை மார்பக ஊடுகதிர்ப் பரிசோதனை செய்துகொள்ளும்படி பெண்களுக்கு அறிவுறுத்தப்படுகிறது. ஹார்மோன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இது பொருந்தும்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அம்மா திடீரென எரிந்து விழுகிறார், நள்ளிரவில் காற்றாடியை வேகமாக வைக்கிறார், படியேற முழங்காலைப் பிடித்துக்கொள்கிறார் என்றால், கணவரோ மகளோ மகனோ ஒரு முறை கேட்டுப்பார்க்கலாம், மருத்துவரிடம் உடன் போகலாம். பல வீடுகளில் தாய்மார்கள் தங்கள் அனுபவத்தை மகள்களிடம் சொன்னதே இல்லை. தாய்க்கு எந்த வயதில் மாதவிடாய் நின்றது என்ற ஒரு தகவல்கூட மகளுக்கும் அவரின் மருத்துவருக்கும் பயன்படும். அதைக் கேட்டு வைத்துக்கொள்ள மருந்துச் சீட்டு தேவையில்லை.